கணினியில் பாகப்பிரிவினை



பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலம் வந்து வாழும் நமக்குக் குடிபெயர்தல் புதிதன்று. ஒரு வீட்டைக் காலி செய்து மற்றொரு வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகும்போது, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்தே வண்டியில் ஏற்றுகிறோம். பாட்டி கொடுத்த வெண்கலப் பானையைப் பழைய இரும்புக்குப் போடும் சாமான்களோடு ஒருவரும் வைப்பதில்லை. ஆயினும் இதே நாம், கணினி என்னும் வீட்டிலிருந்து ஓர் இயங்குதளத்தை வெளியேற்றி வேறொன்றைக் குடியேற்றும்போது, எந்த அறையில் என்ன இருக்கிறது என்று அறியாமலே, 'ஆம், ஆம்' என்று பொத்தான்களை அழுத்திக்கொண்டு போகிறோம். அவ்வாறு நம்மைக் கேள்வி கேட்டு அழைத்துச் செல்பவை நிறுவிகள் எனப்படும் மென்பொருள்கள். அவை கேட்கும் கேள்விகள் எத்தகையவை, அவற்றை எவ்வாறு கேட்டால் சாதாரண மனிதருக்கு விளங்கும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இப்பொருளை இப்போது எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அதன் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் ஓரளவு புதிய செயலியையும் வேண்டி நிற்கிறது. ஆதலின், பழுது ஏதுமின்றி ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல, முதுமை எய்தியனவாக ஒரே நாளில் கருதப்பட்டன. அவற்றைத் தூக்கி எறிய மனமில்லாதோர் பலர், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நாடினர். டில்லியில் எங்கள் குடியிருப்பிலும் அப்படிச் சில தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடி, கேட்டவர் வீட்டுக்குச் சென்று, லினக்ஸ் நிறுவித் தரும் பணியை மேற்கொண்டோம். நன்மையாகவே தொடங்கிய அப்பணியில் எங்கள் கையாலேயே ஒரு தவறு நேர்ந்தது. அத்தவறே எங்களைச் சிந்திக்க வைத்தது.

அதைச் சொல்லுமுன், வட்டு என்றால் என்ன, பாகம் என்றால் என்ன என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் என்று நாம் வழங்கும் வட்டு, ஒரு பெரிய நிலப்பரப்பைப் போன்றது. அந்நிலத்தை ஒருவரே ஒரே வயலாக உழலாம். வரப்பிட்டுப் பல வயல்களாகவும் பிரிக்கலாம். வரப்பிட்ட ஒவ்வொரு வயலையும் பாகம் எனலாம். எந்தப் பாகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை எழுதி வைத்த ஏடு ஒன்று வட்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. முன்னாளில் கிராமக் கணக்குப்பிள்ளை வைத்திருந்த நில ஏட்டை ஒத்தது அது. அந்த ஏடு கிழிந்தால் நிலம் மறைந்துவிடாது. ஆனால் எந்த வயல் எவருடையது என்று சொல்வார் இருக்கமாட்டார்.

நம் மேசைக் கணினிகளில் இவ்வேட்டின் வரலாறு 1983ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஐ.பி.எம். நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட பி.சி. எக்ஸ்.டி. என்னும் கணினியில் 10 மெகாபைட் வட்டு ஒன்று இருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று புகைப்படங்களுக்கே அது போதாது. அவ்வட்டின் பாக ஏட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடம் வெறும் 64 பைட்டுகள். அதில் நான்கு பாகங்களையே பதியலாம். நான்கு போதும் என்று அன்று எண்ணினர். பின்னர்ப் போதவில்லை. எனவே ஒரு பாகத்துக்குள்ளேயே உட்பாகங்களை அடுக்கும் முறை வந்தது. முதன்மைப் பாகம், விரிந்த பாகம், தருக்கப் பாகம் என்ற குழப்பமான பெயர்கள் எல்லாம் அந்த நான்கு வரி ஏட்டின் நெருக்கடியால் பிறந்தவையே. இந்தப் பழைய ஏட்டால் ஏறக்குறைய 2.2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை முழுமையாக அளக்கவும் இயலாது. இக்காலக் கணினிகளில் வழங்கும் ஜி.பி.டி. என்னும் புதிய ஏடு, வழக்கமாக 128 பாகங்களுக்கு இடம் தருகிறது. தன் நகல் ஒன்றை வட்டின் இறுதியிலும் காத்து வைக்கிறது. ஏடு திருந்திவிட்டது. ஆனால் ஏட்டைப் பற்றி மனிதரிடம் பேசும் மொழி அந்த அளவு திருந்தவில்லை. நாம் கூற வந்த குறை இதுவே.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

எங்கள் குடியிருப்பில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துப் பக்கம் பிறந்து, நாற்பது ஆண்டுகளுக்கு முன் டில்லிக்கு வந்தவர். அவருடைய துணைவியார் மறைந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அம்மையார் நவராத்திரி கொலுவின்போதும் மார்கழி விடியலிலும் வீட்டில் பாடிய பாட்டுகளை, அவர்களுடைய மகன் அவ்வப்போது பதிவு செய்து வைத்திருந்தார். மொத்தம் 43 பாட்டுகள். அவை 500 ஜிகாபைட் கொள்ளளவுள்ள ஒரு வெளிவட்டில் இருந்தன. வேறெங்கும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது. பெரியவருக்கும் அன்று நினைவில்லை.

அவருடைய கணினியில் லினக்ஸ் நிறுவச் சென்ற நாங்கள், முன்னெச்சரிக்கையாக அதிலிருந்த கடிதங்களையும் ஓய்வூதியக் கணக்குகளையும் அதே வெளிவட்டில் நகல் எடுத்தோம். பின்னர் நிறுவியைத் தொடக்கினோம். வெளிவட்டைக் கழற்றவில்லை. மொழி, விசைப்பலகை, இடம் ஆகிய கேள்விகள் முடிந்து, எந்த வட்டில் நிறுவுவது என்ற கேள்வி வந்தது. திரையில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று எஸ்டிஏ, 500 ஜிகாபைட். மற்றொன்று எஸ்டிபி, 500 ஜிகாபைட். வேறு குறிப்பு இல்லை.

'தம்பி, இதில் நம் கணினி எது?' என்று கேட்டார் பெரியவர்.

'முதலில் இருப்பதுதான் ஐயா' என்றோம்.

பல கணினிகளில் அது உண்மை. ஆனால் இப்பெயர்கள் வட்டில் பொறிக்கப்பட்டவை அல்ல. கணினி தொடங்கும்போது எந்த வட்டு முதலில் தென்படுகிறதோ அதற்கு 'ஏ' என்றும், அடுத்ததற்கு 'பி' என்றும் வழங்கப்படுபவை. அன்று அந்தக் கணினியில் வெளிவட்டு முந்திக்கொண்டது. முழுவதையும் அழித்து நிறுவு என்ற பொத்தானை அழுத்தினோம். உறுதியா என்று நிறுவி கேட்டது. உறுதி என்றோம். மேசைமீது இருந்த வெளிவட்டின் சிறு விளக்கு இடைவிடாது சிமிட்டத் தொடங்கியபோதுதான் எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது. கம்பியைப் பிடுங்கினோம். அதற்குள் பழைய ஏடு போய்ப் புதிய ஏடு எழுதப்பட்டிருந்தது. இயங்குதளத்தின் கோப்புகளும் ஓரளவு வந்து படிந்துவிட்டன.

கணினிக்குள் இருந்த கடிதங்கள் தப்பின. அழியக்கூடாத பாட்டுகள் இருந்த வட்டே அழிந்தது.

ஏடு கிழிந்தாலும் நிலம் இருக்கும் என்றோம் அல்லவா? அந்த நம்பிக்கையில், போட்டோரெக் என்னும் மீட்பு மென்பொருளைக் கொண்டு வட்டை முழுமையும் துழாவினோம். அது பாக ஏட்டைப் பார்ப்பதில்லை. கோப்புகளின் பெயர்ப் பதிவையும் நாடுவதில்லை. வட்டை முழுவதும் படித்து, இங்கே ஒரு படம் தொடங்குகிறது, இங்கே ஓர் ஒலிப்பதிவு தொடங்குகிறது என்று அடையாளம் கண்டு எடுத்துத் தரும். 43 பாட்டுகளில் 31 மீண்டன. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, நாள் இல்லை. ஓர் எழுத்தும் நீண்ட எண்ணுமே பெயர்களாக நின்றன. பெரியவர் மூன்று மாலைப்பொழுதுகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். ஒவ்வொன்றையும் கேட்டார். இது எந்த ஆண்டுக் கொலுவில் பாடியது, பின்னால் கேட்கும் குழந்தைக் குரல் எந்தப் பேரனுடையது என்று எழுதினார். பன்னிரண்டு பாட்டுகள் வரவே இல்லை.

எங்களிடம் அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. 'நீங்கள் என்ன செய்வீர்கள் தம்பி? இரண்டும் ஒன்றுபோல்தானே எழுதியிருந்தது' என்றார்.

தவறு எங்களுடையது என்பதில் ஐயமில்லை. வெளிவட்டைக் கழற்றியிருக்க வேண்டும். ஒரே பிரதியாக இருப்பவை எவை என்று கேட்டிருக்க வேண்டும். ஆயினும் கணக்குத் துறையில் வாழ்நாள் கழித்த அப்பெரியவர் சொன்ன சொல்லில் ஒரு நியாயமும் இருந்தது. இரண்டு தலைப்புகளை ஒரே மாதிரி எழுதி வைத்த பேரேட்டில் பதிவு தவறினால், எழுதியவனை மட்டும் குறை கூறுவது முறையாகுமா?

அந்த நியாயத்தை இப்போது ஆராய்வோம்.

முதலாவது, பெயர். ஒரு வட்டைச் செய்தவர் யார், அதன் மாதிரி எண் என்ன, அது கணினியின் உள்ளே இருக்கிறதா, யு.எஸ்.பி. கம்பி வழியே வெளியே தொங்குகிறதா, அதற்கு உரியவர் இட்ட பெயர் யாது, அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது ஆகிய அனைத்தையும் நிறுவி அறிந்துகொள்ள முடியும். 'யு.எஸ்.பி. வழி இணைந்த வெளிவட்டு. பெயர் அம்மா பாட்டு. பாதி நிரம்பியுள்ளது' என்று திரையில் ஒரு வரி இருந்திருந்தால், எட்டு வயதுக் குழந்தையும் அந்தப் பொத்தானை அழுத்தியிராது. பயன்பாட்டு இயலில் பெயர்பெற்ற யாக்கோப் நீல்சன் 1994ஆம் ஆண்டில் வகுத்த பத்து நெறிகளில், கருவி தன் மொழியில் பேசாமல் பயன்படுத்துவோரின் மொழியில் பேசவேண்டும் என்பது ஒன்று; தவறு நேர்ந்தபின் செய்தி சொல்வதைவிடத் தவறு நேராமலே தடுப்பது மேல் என்பது மற்றொன்று. எஸ்டிஏ என்பது கருவியின் மொழி. அம்மா பாட்டு என்பது மனிதரின் மொழி.

இரண்டாவது, அளவு. பெயர் விளங்காதபோது அளவைக் கொண்டு வட்டை அடையாளம் காண முயல்கிறோம். அங்கும் ஓர் இடர் உண்டு. வட்டைச் செய்வோர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1024 ஆகப் பெருக்கிக் கணக்கிடுகிறது. ஆதலால் பெட்டியின்மேல் 500 ஜிகாபைட் என்று எழுதிய வட்டு, விண்டோஸில் ஏறக்குறைய 465 என்று தோன்றும். ஒரு டெராபைட் வட்டு 931 ஆகிவிடும். படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறியிருந்த பழங்காலச் சந்தையை இது நினைவூட்டுகிறது. நேற்று 465 என்று பார்த்த ஒருவர், இன்று நிறுவியின் திரையில் 500 என்று கண்டால், இது வேறு வட்டோ என மயங்குவது இயல்பு.

மூன்றாவது, காலம். கேள்வி கேட்கும்போதே செயலையும் செய்துவிடும் கருவி அஞ்சத்தக்கது. எல்லாவற்றையும் முதலில் காகிதத்தில் எழுதிக் காட்டி, ஒப்பம் பெற்ற பின்னரே நிலத்தில் மண்வெட்டி வைப்பது நல்ல முறை. இதில் பாராட்டத்தக்க முன்மாதிரிகள் உள்ளன. ஜிபார்ட்டட் என்னும் பாகம் பிரிக்கும் கருவி, நாம் சொல்லும் மாற்றங்களை வரிசையாகக் குறித்து வைக்கிறது. நிறைவேற்று என்று நாம் தனியே ஆணையிடும்வரை வட்டைத் தொடுவதில்லை. டெபியன் நிறுவி, செய்யப்போகும் மாற்றங்களைப் பட்டியலிட்டுக் காட்டி, எழுதலாமா என்று கேட்கிறது; அங்கே முன்கூட்டித் தேர்ந்து வைத்திருக்கும் விடை 'வேண்டாம்' என்பதே. அறியாமல் எண்டர் விசையைத் தட்டினாலும் தீங்கில்லை. கலமாரெஸ் என்னும் நிறுவி, வட்டு இப்போது எப்படி இருக்கிறது, இனி எப்படி இருக்கும் என்று இரண்டு வண்ணப் பட்டைகளாக வரைந்து காட்டுகிறது. படிக்கத் தெரியாதவரும் அதைக் கண்டு எதையோ இழக்கப்போகிறோம் என்று உணரலாம்.

நான்காவது, உறுதி கேட்கும் முறை. 'உறுதியா?' என்று கேட்பதால் பயன் மிகுதியில்லை. ஒரு நாளில் இருபது முறை அக்கேள்வியைக் கேட்டுப் பழகிய நாம், வாசலில் வந்து நிற்பவரைப் பாராமலே கதவைத் திறப்பதுபோல் 'ஆம்' என்று அழுத்திவிடுகிறோம். பழைய கருவிகள் கரடுமுரடானவை என்று எண்ணுகிறோம். ஆனால் இதில் அவை சில பாடங்களைக் கற்பிக்கின்றன. டாஸ் காலத்து எஃப்டிஸ்க் என்னும் கருவியில் ஒரு முதன்மைப் பாகத்தை நீக்க வேண்டுமானால், அப்பாகத்தின் பெயரை நம் கையாலேயே தட்டச்சு செய்ய வேண்டும். பெயர் பிழைத்தால் அது நீக்காது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் நீலத்திரை நிறுவியில், பாகத்தை நீக்க 'டி' விசை. அதை உறுதி செய்ய 'எல்' விசை. ஒரே விசையை இருமுறை தட்டி அழித்துவிட முடியாதபடி அது அமைந்திருந்தது. அன்று எங்களிடம் 'அம்மா பாட்டு' என்று தட்டச்சு செய்யும்படி ஒரு கருவி கேட்டிருந்தால், முதல் எழுத்திலேயே கை நின்றிருக்கும்.

ஐந்தாவது, கேட்கவே வேண்டாத கேள்விகள். லினக்ஸ் பரவத் தொடங்கிய தொண்ணூறுகளில், நிறுவ முனைந்தவர் தம் கையாலேயே பாகங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. இயங்குதளத்துக்கு எவ்வளவு, சொந்தக் கோப்புகளுக்கு எவ்வளவு, நினைவகம் நிரம்பி வழியும்போது கொட்டி வைக்க எவ்வளவு என்று கேட்கப்பட்டது. புதுமனை புகுவோரிடம், அடுக்களைக்கு எத்தனை செங்கல், கூடத்துக்கு எத்தனை செங்கல் என்று கேட்பது போன்றது அது. வாழ்ந்து பார்த்த பின்னரே விடை தெரியும் கேள்வியை வாயிலிலேயே கேட்டனர். அளவைத் தவறாகச் சொன்னவர், ஒரு பாகத்தில் இடம் காலியாகக் கிடக்க, மற்றொரு பாகத்தில் இடமின்றித் தவித்தார்.

இக்கேள்வி மெல்ல மெல்ல மறைந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. 1999இல் வெளிவந்த கால்டெரா ஓப்பன்லினக்ஸ் 2.2, கோப்புகள் நகலாகும்வரை பொழுதுபோகக் கட்டைகளை அடுக்கும் விளையாட்டு ஒன்றையே நிறுவியினுள் வைத்தது. அந்த அளவுக்கு விருந்தோம்பல் வளர்ந்தது. 2006ஆம் ஆண்டு வெளியான உபுண்டு 6.06, முதலில் இயங்குதளத்தைக் குறுந்தட்டிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் அங்கிருந்தே நிறுவிக்கொள்ளும் வசதியை அளித்தது. 2011 வரை அத்தகைய குறுந்தட்டுகளை இலவசமாக அஞ்சலிலேயே அனுப்பிவந்தனர். நேயர்களில் சிலரும் அதைப் பெற்றிருக்கலாம். 2017இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளுக்குக் கொண்டுவந்த ஏ.பி.எஃப்.எஸ். முறையிலும், 2020இல் ஃபெடோரா 33 மேசைக் கணினிகளுக்கு ஏற்றுக்கொண்ட பி.டி.ஆர்.எஃப்.எஸ். முறையிலும், பல பிரிவுகள் ஒரே இடத்தைப் பொதுவில் பகிர்ந்துகொள்கின்றன. வரப்பே இல்லாத கூட்டுப் பயிர் அது. எவருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லவேண்டுவதில்லை.

ஆனால் கேள்வியைக் குறைப்பதிலும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள விரும்புவோர் பலர். நகரங்களில் நாம் பழகிய ஒண்டுக்குடித்தனத்தை ஒத்தது அது. ஒரு கூரையின்கீழ் இரண்டு குடும்பங்கள் வாழவேண்டுமானால், எல்லை எங்கே என்பதைக் கேட்காமல் முடியாது. நல்ல நிறுவிகள் அங்கே ஒரு பட்டையைக் காட்டி, நடுக்கோட்டை இழுத்து நகர்த்தச் சொல்கின்றன. இப்பக்கம் இவருக்கு, அப்பக்கம் அவருக்கு என்பது ஒரே பார்வையில் விளங்குகிறது.

வல்லுநர்களுக்கும் இடம் வேண்டும். அவர்களுக்குப் பாகங்களை நுணுக்கமாக அமைக்கும் உரிமை தேவை. அவர்களுக்கும் புதியவர்களுக்கும் ஒரே வாயிலை வைக்க முயன்றால் இருவருமே இடித்துக்கொள்வர். 2013ஆம் ஆண்டு சனவரியில் வந்த ஃபெடோரா 18இன் நிறுவி இதற்குச் சான்று. வரிசையாகக் கேள்வி கேட்கும் பழைய முறையை விட்டு, நடுவில் ஒரு கூடமும் சுற்றிலும் அறைகளுமாக அது அமைக்கப்பட்டது. விரும்பிய அறைக்கு விரும்பிய நேரத்தில் சென்று வரலாம். இறுதி ஆணை தரும்வரை வட்டு தொடப்படாது. கருத்து நல்லதே. ஆனால் அறையை விட்டு வெளியேறும் 'முடிந்தது' பொத்தானைத் திரையின் இடப்புற மேல்மூலையில் வைத்தனர். வலப்புறக் கீழ்மூலையிலேயே தேடிப் பழகிய கண்கள் திகைத்தன. பாகம் பிரிக்கும் அறையின் போக்கும் பழகியவர்களுக்கே விளங்கவில்லை, குறைகூறல் மிகுந்தது. பின்னர் ஆண்டுதோறும் திருத்தி வந்து, 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த ஃபெடோரா 42இன் மேசைப் பதிப்பில், மீண்டும் படிப்படியாகக் கேட்டுச் செல்லும் புதிய நிறுவியை வைத்தனர். பொத்தான் எங்கே இருக்கிறது என்பது சிறு செய்தியன்று. அச்சத்தோடு அமர்ந்திருப்பவருக்கு அதுவே பெருஞ்செய்தி.

இங்கே மொழியைப் பற்றியும் ஒரு சொல். 2007ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0, எழுத்துகளை மட்டும் காட்டும் பழைய திரையோடு, படங்களையும் வடிவெழுத்துகளையும் காட்டவல்ல வரைகலை நிறுவியையும் தந்தது. அதன் பயனாகத் தமிழ் முதலிய இந்திய எழுத்துகளை நிறுவியிலேயே செம்மையாகக் காணும் வழி பிறந்தது. அதே ஆண்டில் சென்னை சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் என்னும் இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. தன்னார்வத்தோடு மொழிபெயர்த்த தமிழன்பர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். மும்பையிலோ பெங்களூரிலோ வாழும் ஒரு தாய், ஆங்கிலமும் அவ்வூர் மொழியும் முழுதும் கைவராத நிலையிலும், தன் கணினியின் எச்சரிக்கையைத் தமிழில் படிக்கலாம் என்பது சிறிய செய்தியா?

எனினும் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. மூலக் கேள்வியே விளங்காததாயின் தமிழிலும் அது விளங்காது. பாகத்தைப் 'பகிர்வு' என்று எழுதினால், பிறரோடு பகிர்ந்துகொள்வது போலும் என்று படிப்பவர் மயங்கலாம். 'வடிவமைக்கவா?' என்று கேட்டால், அழகுபடுத்தப் போகிறது என்று எண்ணி ஒப்புதல் தரலாம். 'இதிலுள்ளவை யாவும் அழியும், அழிக்கலாமா?' என்று கேட்டால் ஒருவரும் மயங்கார். மற்றொன்று: நேரத்துக்காக ஊரைக் கேட்கும் பட்டியலில், சென்னையில் இருப்பவரும் டில்லியில் இருப்பவரும் கொல்கத்தாவையே பல நிறுவிகளில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது. இந்தியா முழுமைக்கும் அப்பட்டியலில் உள்ள பெயர் அதுதான். இதில் தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் முதற்படியிலேயே தம் ஊரைக் காணாது திகைத்தவர், வட்டைப் பற்றிய கேள்வி வரும்போது, நமக்கு விளங்காததே இதன் இயல்பு என்று முடிவு கட்டிவிடுகிறார். விளங்காமலே 'ஆம்' என்னும் பழக்கம் அங்கே தொடங்குகிறது.

நேயர்களே, நிறுவிகள் திருந்தும்வரை நாம் செய்யத்தக்கவை சில உண்டு. பழைய கணினியில் கை வைக்குமுன், எங்கும் ஒரே பிரதியாக உள்ளவை எவை என்று வீட்டாரைக் கேளுங்கள். அவற்றை இரண்டு வேறு இடங்களில் நகல் எடுங்கள். நகலைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு வெளிவட்டுகளையும், நிறுவியைத் தாங்கிய பென் டிரைவ் ஒன்று நீங்கலாக மற்றவற்றையும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். கழற்றிய வட்டை எந்த நிறுவியாலும் அழிக்க இயலாது. உங்கள் வட்டுகளுக்குப் பெயரிடுங்கள். எதிர்பாராத வேளையில் அப்பெயரே உங்களைத் தடுத்து நிறுத்தும்.

விண்டோஸ் இருக்கும் கணினியில் இரண்டாவது இயங்குதளத்தைச் சேர்ப்போர் மற்றொன்றையும் கருத வேண்டும். புதிய கணினிகள் பலவற்றில் வட்டு பிட்லாக்கர் என்னும் பூட்டால் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. பாகங்களை மாற்றியபின் அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அச்சாவியை முன்னரே கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதி வைத்த பிறகே தொடங்குங்கள். தவறு நேர்ந்துவிட்டால், அவ்வட்டில் மேலும் ஒன்றையும் எழுதாமல் உடனே நிறுத்துங்கள். சுழலும் பழைய வட்டில் மீட்கும் வாய்ப்பு ஓரளவு உண்டு. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகையில், அழித்த இடத்தைச் சாதனம் தானே துடைத்துவிடுவதால், அவ்வாய்ப்பு மிக அரிது. நாங்கள் அழித்தது பழைய வகை வட்டு. அதனால்தான் 31 பாட்டுகளேனும் திரும்பின.

கருவிகளைச் செய்வோருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நிறுவியின் முன் அமர்பவர், அந்தக் கலையை வாழ்நாளில் இரண்டு மூன்று முறைக்குமேல் செய்யாதவர். அவரிடம் கேட்கப்படும் கேள்விகளில் மிகக் கடியது, வட்டைப் பற்றியது. திரும்பப் பெற முடியாத விடையைக் கேட்பதும் அது ஒன்றே. அந்த ஓரிடத்திலாவது, எதை அழிக்கப் போகிறோம் என்பதை அவருக்குத் தெரிந்த பெயராலேயே சொல்லுங்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் குற்றமில்லை.

எங்கள் குடியிருப்புப் பெரியவர் இப்போது லினக்ஸையே பயன்படுத்துகிறார், நன்றாகவே பழகிவிட்டார். அம்மையாரின் 31 பாட்டுகளும் இன்று மூன்று இடங்களில் இருக்கின்றன: அவர் கணினியில் ஒன்று, வேற்றூரில் வாழும் மகனிடம் ஒன்று, புதிய வெளிவட்டில் ஒன்று. அந்த வெளிவட்டின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, நீல மையால் தம் கையெழுத்தில் 'இதை அழிக்காதே' என்று எழுதியிருக்கிறார். நிறுவியின் திரை சொல்லத் தவறியதை அவர் வட்டின்மேல் எழுதி வைத்தார். அடுத்த முறை நாங்கள் சென்றபோது, கேட்காமலே அதைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, 'இனி ஆரம்பியுங்கள் தம்பி' என்றார்.